பாலத்தில் படுத்த மயிலை

மலாக்காவில் யாராவது ஐஸ் போட்ட சர்பத்தை வாயில் வைத்தால் போதும், காஜா பேராங் பகுதியில் குடியிருந்த அப்பாசாமிக்கு நாக்கு அரிக்கத் தொடங்கிவிடும். "அந்த ஐஸ் எங்கேருந்து வந்துச்சு? தெங்கேரா ஐஸ் கம்பெனிலேருந்து. கம்பெனி மிஷின் எதுல வந்துச்சு? நம்ம வண்டில!" என்று ஆரம்பிப்பார். கல்யாண வீடா கருமாதி வீடா என்றெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. கேட்பவர் கையிலிருக்கும் ஐஸ் கரைந்து தண்ணீராகும்வரை விடவும் மாட்டார்.

கதை இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் கப்பலில் வந்த ஐஸ் மிஷின் ஆற்றுத்துறையில் இறங்கியது. யானைக்குட்டி கனம். அதை ஏற்றிய லாரி பாலத்துக்கு வருமுன்பே அச்சு முறிந்து நின்றது. கம்பெனி முதலாளியான சீனத் தவுக்கே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அப்பாசாமிக்கு முப்பது வயது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் பிடிக்காமல் பதினாறு வயதில் டவுனுக்கு ஓடிவந்து, பத்து வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு இரட்டை மாட்டு வண்டி வாங்கியிருந்த திமிர் வேறு. "நான் இருக்கேன் தவுக்கே" என்று போய் நின்றார். மிஷினை ஏற்றினார், பாலத்தைத் தாண்டினார், தெங்கேராவில் இறக்கினார். "ஒத்தை ஆளா!" என்று சொல்லும்போது நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். சரியாக அந்த இடத்தில் அவர் மனைவி பாக்கியலட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முப்பத்தோரு வருஷமாக இதே கதை, இதே தட்டு, அவளும் இதே மாதிரி எழுந்து போவாள்.

ஐம்பத்தேழாம் வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பழைய மலாக்காவைக் காட்டும் படக் கண்காட்சி ஒன்று வைக்க டவுனில் ஒரு குழு அமைத்தார்கள். மூடிப்போன ஒரு போட்டோக் கடையின் பரணில் பெட்டி பெட்டியாகப் பழைய கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் கிடைத்தன. அவற்றிலிருந்து படம் போட்டு, எண் ஒட்டி, ஒரு மண்டபத்தில் மேசை மேசையாகப் பரப்பினார்கள். இடம் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பும் போட்டார்கள். எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர் ராஜரத்தினம் என்ற கிராணி, அதாவது குமாஸ்தா. சலவை கலையாத வெள்ளைச் சட்டை, அச்சடித்தது போன்ற கையெழுத்து, எதையும் லேசில் நம்பாத முகம்.

அப்பாசாமிக்கு வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? முதல் நாளே போய்விட்டார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் சர்பத் கடை வைத்திருந்த நாகூர் மீரானும் வந்திருந்தார். இரண்டு பேருக்கும் நல்ல போட்டி. மீரான் பாய் கடைகளைப் பார்த்து இடம் சொல்வார். அப்பாசாமி சாலையைப் பார்த்துச் சொல்வார்.

"பதினேழாம் நம்பரு எழுதிக்குங்க ஐயா. இங்க ஒரு மேடு இருக்கு. மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மாட்டுக்குத் தெரியும். இந்த இடத்துல வந்து மூச்சு வாங்கி நிக்கும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவுல, பாய் கடைக்கு எதிர்த்தாப்புல."

"அட, என் கடை வாசல என்கிட்டயே காட்டுறாரு பாருங்க!" என்றார் மீரான், படத்தைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்.

கிராணி சரிபார்த்தார். சரியாகவே இருந்தது. இரண்டு நாளில் பத்தொன்பது படங்களுக்கு அப்பாசாமி இடம் சொன்னார். இரண்டாம் நாள் சாயங்காலம் கிராணியே எழுந்து அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்பாசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மாடும் வண்டியும் போய், அப்புறம் நகராட்சியில் தார் ஊற்றிக் காலம் தள்ளியவருக்கு, ஒரு கிராணி நாற்காலி போடுவதென்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் நாற்பத்தொன்றாம் எண் படத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கைப்பிடி தெரிந்தது. ஆற்றோரமாகச் சரக்குக் கிட்டங்கிகள். நடுவில் ஒரு மாட்டு வண்டி, அதில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ பெரிய சாமான், சுற்றி வேடிக்கை பார்க்கிற கூட்டம். பெயர்ப் பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை.

"இது நம்ம ஊரே இல்லங்க" என்றார் மீரான். "நம்ம பாலத்துல கிட்டங்கி இந்தப் பக்கமா இருக்கு? அந்தப் பக்கம்ல இருக்கணும்? இது மூவாரு. சத்தியமா மூவாரு."

"அப்ப ஒதுக்கிடலாம். இடம் தெரியாத படத்தையெல்லாம் வெள்ளிக்கிழமை குப்பைக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க" என்றார் கிராணி.

அப்பாசாமி குனிந்து பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது ஒரு பாதிக் கொம்பு. அவருடைய பழைய வண்டி மாடு மயிலை! பக்கத்தில் ஜோடி மாடு செவலை. ஆனால் மயிலை இடப்பக்கம் அல்லவா நிற்கிறான்? அவன் வலத்து மாடு. கன்றிலிருந்து வலப்பக்கமே பூட்டிப் பழகியவன், இடப்பக்கம் பூட்டினால் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான். அப்பாசாமிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. படம் போட்ட பயல் தகட்டைத் திருப்பி வைத்துப் போட்டிருக்கிறான். ஊரே இடம் வலமாகிக் கிடக்கிறது. அட மடையா!

அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் மயிலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தார். ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் கைக்குழந்தையோடு, யாருக்கும் பயப்படாத முகத்தோடு நிற்கிறாள். இருபத்திரண்டு வயது பாக்கியம். வண்டிக்குப் பின்னால், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி குந்தியிருப்பது வேறு யார்? சாட்சாத் அப்பாசாமிதான்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. "தெரியலையே" என்று முனகிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், ஐஸ் மிஷின் ஏற்றிய அன்றைக்கு மயிலை பாலத்தின் நடுவே படுத்துவிட்டான். அப்பாசாமி வாலை முறுக்கினார், சாட்டையால் விளாசினார், ஒன்றுக்கும் அசையவில்லை. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. யாரோ காஜா பேராங்குக்கு ஓடிப்போய்ச் சொல்ல, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாக்கியம் வந்தாள். வந்தவள் முதல் வேலையாகப் புருஷன் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். மயிலை அவள் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தவன். கழுத்தைத் தடவி, காதோடு காதாக என்னவோ சொன்னாள். எழுந்துவிட்டான். தெங்கேராவரை கயிற்றைப் பிடித்து அவள்தான் முன்னால் நடந்தாள். அப்பாசாமி கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அன்று சாயங்காலம் கூட்டாளிகளிடம் "ஒத்தை ஆளா" என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அப்பாசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, படம் ஒண்ணும் அம்புடலையா இன்னைக்கு?" என்றாள் பாக்கியம்.

"ஏம்மா, ஒனக்கு மயிலைய ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? பாலத்துல படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னானே." குழம்பை ஊற்றிக்கொண்டே, கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள். "நீங்க சொல்ற கதையில மட்டும்தான் அவன் படுக்கவே இல்ல."

அப்பாசாமி சோற்றிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சாமி படம் இருந்தது, மகன் கல்யாணப் படம் இருந்தது, நகராட்சியில் அவருக்கு மாலை போட்ட படம்கூட இருந்தது. பாக்கியத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் கல்யாணத்துக்குப் படமெடுக்க அந்தக் காலத்தில் யாருக்கு வசதி? மகன் கல்யாணத்தன்று அவள் அடுப்படியில் இருந்தாள். அவள் வயசுக் காலத்து முகம் இந்த உலகத்தில் இருப்பது அந்த நாற்பத்தொன்றில் மட்டும்தான். அது வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

காலையில் மண்டபத்தின் கதவு திறக்குமுன் வாசலில் நின்றார். குப்பைப் பெட்டியில் போட்டிருந்த படத்தை எடுத்தார். மீரானையும் கிராணியையும் கையைப் பிடிக்காத குறையாக ஜன்னலுக்கு இழுத்துப்போனார். படத்தின் முதுகு தம்மைப் பார்க்கும்படி, வெயில் அடிக்கிற கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார்.

"இப்பப் பாருங்க."

தாளுக்குள்ளிருந்து மங்கலாகப் பாலம் எழுந்தது. கிட்டங்கிகள் அந்தப் பக்கம் போய் நின்றன. மயிலை வலப்பக்கம் வந்துவிட்டான்.

"யா அல்லா, நம்ம பாலம்!" என்று மீரான் கத்தினார். "அப்ப அந்தச் சாமான்..."

"ஐஸ் மிஷின்தான் பாய்."

கிராணி உடனே பேனாவைத் திறந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. "வண்டிய ஓட்டினது அப்பாசாமின்னு போட்டுடலாமா?"

"போடாதீங்க. பாலத்துல மாடு படுத்துடுச்சு. எழுப்பி ஓட்டிக்கிட்டுப் போனது பாக்கியலட்சுமி. காஜா பேராங். முன்னால கயித்தப் புடிச்சிருக்கா பாருங்க."

மீரான் கண்ணைச் சுருக்கினார். "ஏன் அப்பாசாமி, ஒத்தை ஆளுன்னுல்ல இத்தன வருஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"ஒத்தை ஆளுதான் பாய். அந்த ஆளு நான் இல்ல. என் சம்சாரம்." சொல்லிவிட்டு, தன்னை அறியாமலே நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டு இவ்வளவு பலமாக விழுந்ததே இல்லை.

கண்காட்சியில் நாற்பத்தொன்றாம் படத்தைத் திருத்திப் பெரிதாகப் போட்டு, வாசலுக்கு நேராகவே மாட்டியிருந்தார்கள். கீழே கிராணியின் அழகான கையெழுத்தில் அவள் பெயர், தமிழிலும் இருந்தது. பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. அப்பாசாமி சத்தமாகப் படித்துக் காட்டினார், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி. அவள் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள் கடைசியில். "நீங்க எதுக்கு அங்க வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஒன்னப் பாத்துத்தான்" என்றார்.

திரும்பும் வழியில் மீரான் கடையில் உட்கார்ந்தார்கள். பாய் தன் கையாலேயே இரண்டு கோப்பை சர்பத் கலக்கி, ஐஸை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தார். பக்கத்து மேசையில் செங் என்ற ஊரிலிருந்து வந்த புதுமாப்பிள்ளையும் பெண்ணும். ஒரு வாய் குடித்ததும் அப்பாசாமிக்குப் பழக்கதோஷம். "தம்பி, இந்த ஐஸ் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். மிஷின் இறங்கியது, லாரி அச்சு முறிந்தது, தவுக்கே தலையில் கை வைத்தார். பாலத்துக்கு வந்ததும் நிறுத்தி, ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

பாக்கியம் எழுந்திருக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"நிறுத்திட்டீங்களே? சொல்லுங்க, கேப்போம்."