பூஜையில் வைத்த சர்வரைத் தொட்டவர்

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. மயிலாப்பூர்த் தெப்பக்குளம் சாட்சியாகச் சொல்கிறேன், நம்பும்படி சொல்லும் உத்தேசமும் எனக்கில்லை.

மந்தைவெளியில் காப்பிப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். அக்கா மகள் வித்யா போனில் கூப்பிட்டாள். "மாமா, பிலோமினா ஆன்ட்டி போயிட்டாங்க." பொடியை வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

அடையாறு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எங்களோடு இருந்தவர்களுக்கு பிலோமினா மேடத்தை அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வரில் இருக்கும் ஒவ்வொரு முக்கியமான ஃபைலுக்கும் அவர் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்திருந்தார். உள்ளே ஓர் எழுத்து மாறினால் போதும், ரேகை பொருந்தாது. அவர் போன் சிணுங்கும். சாந்தோம் கடற்கரையில் ஒரு மணல்துகள் புரண்டு படுத்தாலும் "யாரைக் கேட்டுப் படுத்தே?" என்று விசாரிப்பார் என நான்தான் ஊரெல்லாம் பரப்பினேன்.

எதுவும் மாறவில்லை என்று வரும் அறிக்கையையும் தினமும் முழுசாகப் படிப்பார். "மாறலைன்னா அதுல என்ன மேடம் இருக்கு?" என்று சீண்டுவேன். "மாறலைங்கிறதும் சேதிதான் சார்" என்பார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று சர்வருக்கு ராஜ அலங்காரம். நான் பூசிய சந்தனத்தில் தி. நகர் மேம்பாலத்துக்கே வெள்ளையடிக்கலாம். எங்கள் வழக்கப்படி மறுநாள் புனர்பூஜை செய்து எடுக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அவசர ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள். பொரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மேடத்தின் போன் சிணுங்கியது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் ஃபைல் மாறியிருந்தது.

"யாரு தொட்டது?"

"பூஜையில வச்சதை எவன் மேடம் தொடுவான்?" என்றார் எங்கள் பிரிவின் சேஷாத்ரி.

"அதான் கேக்கறேன்."

அந்த மென்பொருளை எங்களுக்கு விற்ற ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கிருந்த இன்ஜினியர் வெகு சாதாரணமாகச் சொன்னான்: "நான்தான் மேடம். இன்னிக்கு யாரும் உக்கார மாட்டாங்கன்னு இங்கேர்ந்தே புது வெர்ஷன் போட்டேன். இன்னா, எதுனா பிராப்ளமா?"

மேடம் கீபோர்டை இழுத்தார். சேஷாத்ரி கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் மேடம். நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும். சரஸ்வதி கோச்சுப்பா."

"மாதாகிட்ட சொல்லிப் பேசச் சொல்றேன். கையை எடுங்க சார்."

மறுநாள் காலை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வித்யாவுக்குப் பிரசவ ஆபரேஷன். அதனால் முதலில் அவள் பெயரைத்தான் போட்டுப் பார்த்தார். திரையில் பக்கத்து வார்டு கிழவரின் ரத்த வகை வந்து நின்றது. சேஷாத்ரியின் கை தானாக இறங்கியது.

பத்திரமாக வைத்திருந்த பழைய ஃபைலை மேடம் திரும்பப் போட்டார். ரேகை பொருந்தியது. வித்யாவுக்கு வித்யாவின் ரத்த வகையே வந்தது. அந்த நேரத்தில் கபாலீசுவரர் கோயில் மணியும் சாந்தோம் மாதா கோயில் மணியும் ஒரே தாளத்தில் அடித்தன என்று இத்தனை காலமாகச் சொல்லிவருகிறேன். அந்த இன்ஜினியர் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து முழங்கால் போட்டே வந்து மன்னிப்புக் கேட்டான் என்பதும் என் கைச்சரக்குதான்.

பூசிய சந்தனத்தில் மேடத்தின் விரல் பதிந்து காய்ந்துபோன அந்தக் கீபோர்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. துடைக்கவில்லை. பிரிவில் இன்றும் காலையில் யாராவது ஒருவர் அறிக்கையை முழுசாகப் படிக்கிறார்கள். நேற்று சேஷாத்ரி போன் செய்தார். "ஒண்ணும் மாறலை ஓய்" என்றார். அவரும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மணி அடித்தது, மணல் புரண்டது, முழங்கால், எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். மறுநாள் ஆபரேஷனில் வித்யாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. சரியான ரத்தம் தயாராக இருந்தது.