‘ஆச்சு’ சொல்லும் நேரம்

படகுத்துறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவள் நான். என் காதுக்கு வராத கத்தல் கிடையாது. படகு போய்விட்டது என்று கத்துவார்கள், படகு இன்னும் வரவில்லை என்றும் என்னிடமே வந்து கத்துவார்கள், நான்தான் அதை மடியில் ஒளித்து வைத்திருப்பது போல. அத்தனை கத்தலையும் தாண்டி ஒரு குரல் கேட்கும். கயித்தக்காவின் குரல். “ஆச்சு!”

படகைக் கரையோடு கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்ப்பது அவர் வேலை. கரையோரம் நட்டிருக்கும் இரும்புத் தூணுக்குக் குட்டையன் என்று பெயர் வைத்திருந்தோம். பழைய சூப்பர்வைசரின் உடம்புவாகு அப்படி. கயிற்று முனையில் இருக்கும் வளையம் குட்டையன் கழுத்தில் கிடக்கும். படகு விளிம்பில் நின்று குனிந்து அதைக் கழற்றி உள்ளே இழுத்துவிட்டு “ஆச்சு” என்று சொன்னால் கேப்டன் இஞ்சினை முடுக்குவார். மேலே கண்ணாடி அறையில் இருக்கும் அவருக்குக் குட்டையன் தெரியாது, கூரை மறைக்கும். காதை நம்பித்தான் படகு கிளம்பும்.

ஆனால் அக்கா கழற்றிய பிறகு சொல்வதில்லை. குனியும்போதே சொல்லிவிடுவார். இஞ்சின் உறுமிப் படகு நகர ஆரம்பிப்பதற்குள் கயிறு அவர் கையில் இருக்கும். இதை யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. நேரத்துக்குக் கிளம்பு, நேரத்துக்குக் கிளம்பு என்று மேலேயிருந்து உயிரை எடுத்தார்கள், அவர் கை தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. கேப்டன்களுக்கும் அது பழகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் விரலில் ஒரு கீறல்கூட விழவில்லை, அதனால் அதுதான் சரி என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. வீல் பிடிக்க வேண்டும். படகு ஓட்டும் பயிற்சிக்குக் கம்பெனி வருஷாவருஷம் ஆள் அனுப்பும். கயிற்று வேலை செய்பவர்களும் போகலாம் என்று சுவரில் ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் சூப்பர்வைசர் அதே பதிலைத் தேன் தடவிச் சொல்வார்.

“நீ இல்லாம படகு நகருமாம்மா? அடுத்த தடவை பாப்போம்.”

வேலையைச் சுமாராகச் செய்தவர்கள் எல்லாம் பயிற்சிக்குப் போனார்கள். அவர்கள் போன நாட்களில் அவர்கள் வேலையையும் அக்காவே பார்த்தார். அப்போதைய கேப்டன் ஒரு காலத்தில் அக்காவின் காலடியில் தளம் துடைத்துக்கொண்டிருந்தவர். போனார், படித்தார், திரும்பி வந்து மேலே ஏறி உட்கார்ந்து அக்காவை ஒலிபெருக்கியில் விரட்டினார். எனக்கு வயிறு எரியும். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன வருஷம் அவருக்கு நாற்பத்தைந்து முடிய இருந்தது. அதற்கு மேல் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். அந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

“எனக்குப் பதிலா ஆள் தரேன் சார். இந்தத் தடவை விடுங்க.”

பதில் ஆள் அவருடைய கொழுந்தன். அதே படகில் தளம் கழுவும் வேலை. வீட்டில் அவர் சின்னவர், அதனால் துறையிலும் சின்னவர் என்றே பெயர். அக்காவின் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அக்காவும் சின்னவரும் சின்னவர் மனைவியும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள். ஓரகத்திகள் இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி எண்ணெய் வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

“எனக்கென்ன அண்ணி, கயிறுதானே? இத்தன வருஷமா உங்களத்தானே பாத்துட்டிருக்கேன்” என்றார் சின்னவர். அதுதான் அவர் பெற்ற பயிற்சி. கேப்டனுக்குத்தான் வகுப்பு, புத்தகம், பரீட்சை எல்லாம். கயிற்றுக்காரனுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக்கொள்வதே படிப்பு.

அக்கா பயிற்சிக்குப் போன அன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு என் கூண்டுக்கு வந்து காட்டினார். “ஸ்கூலுக்குப் போறேன்டி டிக்கெட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் ரெடி” என்றார். டிக்கெட்டு என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

காலையில் வகுப்புக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். முதல் வாரம் நன்றாகப் போனது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் வீலை எப்படித் திருப்புவது, இரண்டு படகு எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்று தினமும் எனக்குப் போனில் பாடம் எடுப்பார். நான் சில்லறை எண்ணிக்கொண்டே தலையாட்டுவேன். தலையாட்டுவது போனில் தெரியாது என்று கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் போன் வந்தபோது குரல் மாறியிருந்தது. அன்று வகுப்பில் கயிறு அவிழ்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம பாடம் என்று அக்கா முதல் ஆளாகப் போய்க் குனிந்து “ஆச்சு” என்று சொல்லியிருக்கிறார். பாடம் நடத்தும் அம்மா கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். கயிறு இன்னும் தூணில்தானே இருக்கிறது, இப்போது இஞ்சின் இழுத்தால் கை எங்கே இருக்கும் என்று கேட்டார். கயிற்றைக் கழற்று, உள்ளே இழு, தூணை விட்டுத் தள்ளி நில், அப்புறம் வாயைத் திற. இதுதான் முறை.

“எல்லாரும் சிரிச்சாங்கடி. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் பகீர்னுச்சு. தம்பியும் நான் பண்ற மாதிரிதானே பண்ணுவாரு? அவரு கைக்கு அந்த வேகம் கிடையாதே! ஓடிப் போய்ச் சொல்லு. எடுத்த பிறகுதான் சொல்லணும்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

கூண்டைப் பூட்டிவிட்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். சின்னவர் கேட்டுவிட்டுச் சரி என்றார். அன்று மாலையே மாற்றிக்கொண்டார். கழற்றி, இழுத்து, தள்ளி நின்று, அப்புறம் “ஆச்சு”.

படகு தாமதமாகக் கிளம்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு நடைக்கும் சொற்பம்தான், ஆனால் சாயங்காலத்துக்குள் அது சேர்ந்துவிடும். அக்கரையில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் திரும்பி வந்து என் கண்ணாடியைத் தட்டினார்கள். கேப்டன் மேலேயிருந்து, “கீழ என்ன, குட்டையனுக்குக் கழுத்து பிடிச்சி விடறியா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார். பயணிகள் சிரித்தார்கள். சின்னவர் முகம் தொங்கிப்போனது. பாடம் படித்து மேலே போன அதே கேப்டன். அந்த முறை அவருக்குத் தெரியாதா? தெரியும். மேலே ஏறியவுடன் மறந்து போகிற பாடம் போலிருக்கிறது அது.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் துறைக்கு வந்தார். என் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார்.

“இது சரிப்படாது. அந்தம்மாவ நாளைக்கே திரும்ப வரச் சொல்றேன். படிச்சது போதும்.”

நடுவில் வந்தால் அந்தப் பயிற்சி கணக்கில் வராது. அடுத்த வருஷம் வயது விடாது. அது எனக்கும் தெரியும், சின்னவருக்கும் தெரியும்.

“கூப்பிடாதீங்க சார். நான் வேகமா பண்றேன்” என்றார் சின்னவர்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன சார் வேகம்? அவர் முறையாப் பண்றதுக்குத்தான் இந்த நேரம் ஆகுது. வேணும்னா படகு நேரத்தை மாத்துங்க” என்றேன்.

“உன் வேலை டிக்கெட்டு” என்றார் அவர். முகத்தில் அறைந்தது போல இருந்தது. சின்னவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், விடுங்க என்பது போல.

மறுநாள் காலை இரண்டாவது நடை. அவர் குனிவதற்கு முன்பே “ஆச்சு” கேட்டது. தலையைத் திருப்பினேன். அன்று கயிறு நனைந்து முறுக்கேறிக் குட்டையன் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் வளையத்துக்குள் விரலை விட்டு நெம்பினார். இஞ்சின் இழுத்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவது இருக்கிறது, மடங்காது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் தன் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணிக்குச் சொல்லாத.” அக்காவுக்கு அடுத்த நாள் பரீட்சை. “தெரிஞ்சா ஓடி வந்துடுவாங்க. முடிச்சுட்டு வரட்டும்.” அந்தப் பெண் அழுதுகொண்டே தலையாட்டினாள். என் கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கினார், கட்டுப் போடாத கையால். அன்று அவர் வாயிலிருந்து வந்ததைத் தட்ட எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து தம்பி எங்கே என்று கேட்டிருக்கிறார். வேறு துறையில் ஆள் குறைவு, அங்கே அனுப்பிவிட்டார்கள், காலையில்தான் வருவார் என்று ஓரகத்தி சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுத் தட்டு வைத்து, சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து, பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று அக்கா பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் அக்கா பாஸ். மிட்டாய்ப் பொட்டலத்தோடு நேராகத் துறைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். பொட்டலம் கண்ணாடிக்கு வெளியே அப்படியே இருக்க, அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், “எடுத்த பிறகு சொல்லுன்னு சொன்னேனே தம்பி?”

“சொன்னீங்க அண்ணி” என்றார் சின்னவர். “பாஸா?”

நான்தான் பாஸ் என்று சொன்னேன். சொல்லும்போது ஏதோ திருடிவிட்டது போல இருந்தது. சின்னவர் சிரித்தார். அவர் மனைவி எழுந்து வெளியே போனாள். அக்கா பின்னாலேயே போய் அவள் தோளைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிடவில்லை. திரும்பி நின்று மெதுவாகத்தான் சொன்னாள்.

“விரல் போனதக்கூட நான் ஆறிடுவேன். நேத்து உங்க பரீட்சைக்காக என்னை உங்களுக்குச் சோறு போட வெச்சு, சிரிச்ச முகமா உக்கார வெச்சுட்டாரே, அத என்னால ஆற முடியாது.”

அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசவில்லை. அதே வீடு, அதே அடுப்பு. ஒருத்தி சமையலறைக்குள் வந்தால் மற்றவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

கம்பெனி விசாரித்தது. ஊழியரின் கவனக்குறைவு என்று முடிவு செய்தது. படகு நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். எழுதிக்கொள்கிறவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் பெருந்தன்மையாக ஒன்று செய்தார்கள், சின்னவர் மனைவிக்கு வேலை. என்ன வேலை? அக்கா மேலே போவதால் காலியாகும் கயிற்று வேலை.

அக்கா வீல் வேண்டாம் என்றார். என் காதால் கேட்டேன். சின்னவர்தான் பிடிவாதமாக இருந்தார். “நீங்க ஓட்டலன்னா இது எதுக்குப் போச்சு அண்ணி?” என்று கையைக் காட்டினார். அக்கா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், கயிற்று வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“கயிறு அவுக்கறதுக்கு என்னம்மா டிரெய்னிங்? நீதான் இருக்கியே, சொல்லிக் குடு.”

அக்கா வீல் பிடித்த முதல் நாள் காலையில் துறையில் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அக்கா மேலே ஏறவில்லை. என் கூண்டுக்கு வந்தார். ஓரகத்தி பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், புது யூனிஃபார்ம் சேலையில் குட்டையனைப் பார்த்தபடி நின்றாள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கயிற எடுத்து உள்ள இழுத்துட்டு, தள்ளி வந்து நின்னுட்டு, அப்புறமா சொல்லச் சொல்லுடி. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் நிப்பேன். எவன் கத்தினாலும் நிப்பேன்.”

அவளும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“அவங்க ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தது போதும்னு சொல்லுங்க.”

நான் இரண்டு பேருக்கும் எதையும் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு பேர் காதிலும் விழுந்துவிட்டது. அக்கா படியேறி மேலே போனார். இஞ்சின் ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் குனிந்து கயிற்றைக் கழற்றினாள், உள்ளே இழுத்துப் போட்டாள், விலகி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

பயணிகள் முணுமுணுத்தார்கள். அக்கரை பஸ் போய்விடும் என்று ஒருவர் என் கண்ணாடியைத் தட்டினார். படகு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா இறங்கி வந்து, படகின் விளிம்புக்குப் போய் எட்டிக் குட்டையனின் வெறும் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பார்த்தார். அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அக்கா மறுபடியும் மேலே ஏறிப் போய்ப் படகை எடுத்தார்.