குரல் திரும்பியதை மறைத்த ஒரு வாரம்

1. மகளுக்குத் தலை வாரி இழுக்கும்போது கண்ணாடியில் என் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது.
2. ஸ்கான் செய்தார்கள், ஊசியால் கலங்களை (உயிரணுக்களை) எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட்டில் (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி) கட்டி.
3. பாதிச் சுரப்பியை அகற்றினார்கள். புற்றுநோய் இல்லை.
4. விழித்தபோது குரல் இல்லை.
5. ஐந்தாவது வாரம் குரல் வந்தது. ஒரு வாரம் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இதே சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு முதல் நான்கும் உதவும். ஐந்தாவதை எழுதத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.

குரல்நாணை (தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. "நரம்பு வெட்டுப்படேல்லை, இழுபட்டிருக்கு. திரும்பும். அதுவரைக்கும் குசுகுசுக்கவும் வேண்டாம்" என்றார் டொக்டர்.

கொப்பியில் எழுதிக் காட்டினேன்: பிறகு பாடலாமா?

"உங்கடை பாட்டை ஆர் கேக்கினம்?" என்று சிரித்தார்.

"நான்" என்றாள் என் மகள் ஆரணி. அவளுக்கு எட்டு வயது.

ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் பாடுபவை போராட்டப் பாட்டுகள். பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்கும் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் ஒரே குவளைக்கும் இங்கே போராடியவர்கள் பாடியவை. கட்டட வரைபடம் படித்த காலத்தில் எனக்குப் பிடித்துப்போனவை. ஒவ்வொன்றுக்கும் பின்னாலுள்ள கதையையும் சொல்லித்தான் பழக்கினேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள உடுப்பிட்டியிலிருந்து அக்கா வந்தார். சமைத்தார், அதட்டிச் சாப்பிட வைத்தார். எங்கள் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் ராணிக்கும் அவர்தான் தேநீர் கொடுத்தார்.

"ராணிக்கு வேறையாக் குடுக்கவேணும். கடதாசிக் கப்பும் எழுது" என்றார் அக்கா.

சாமான் பட்டியலில் எட்டாவதாக எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில் 'ஆ' என்று சொல்லிப் பார்த்தேன். ஒலித்தது. அன்று பின்னேரம் ராணி அடுப்படி வாசலில் நின்று தேநீர் குடிப்பதை ஆரணி பார்த்துவிட்டாள். ராணி போனதும் கேட்டாள்:

"பெரியம்மா, ராணி அன்ரிக்கு மட்டும் ஏன் உந்தக் கப்?"

"கழுவுற வேலை மிச்சம்" என்றார் அக்கா.

"அப்ப எங்களுக்கு?"

"வாய் நீளம் உனக்கு. கொம்மாவைக் கேள்."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கொப்பியை எடுத்து நீட்டினாள். நான் பேனையை எடுக்கவில்லை.

அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டால் வீடு என்னாகும் என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே ஒரு வாரம் ஊமையாக இருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் மூக்கு வழியே சிறு கமரா விட்டுப் பார்த்தார். "நல்லா அசையுது. 'ஈ' சொல்லுங்கோ." சொன்னேன். அறை முழுக்கக் கேட்டது. "எப்ப வந்தது?"

"போன செவ்வாய்."

பக்கத்தில் நின்ற ஆரணி நாட்களை விரலில் எண்ணினாள். வெளியே வரும்போது என் கையைப் பிடிக்கவில்லை.

அன்றே அக்காவிடம் சொன்னேன்: "இனி ராணிக்கும் எங்கடை கோப்பையிலை குடு அக்கா."

"கதை வந்த உடனை என்னோடையோ கொழுவுறாய்?" இரண்டாம் நாள் அக்கா ஊருக்குப் போய்விட்டார்.

முன்பெல்லாம் பேச்சு தானாக வரும். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் தொண்டை ஒரு கணம் இறுகுகிறது. வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்தக் கணம் போதும்.

இன்றைய நிலை: மேல் சுருதி எட்டவில்லை. கால் மணிநேரம் கதைத்தால் குரல் களைக்கிறது. ராணிக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் நீட்டினால், "இப்பதான் குடிச்சனான் தங்கச்சி" என்கிறாள். ஸ்கூட்டியில் நான் மட்டும் பாடுகிறேன். ஆரணி இன்னும் சேர்ந்து பாடவில்லை.