கல் மட்டும் நட்ட சாலை

ஒரு சாலை முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால், பொறுப்புள்ள அலுவலர் ஒருவர் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. நடந்ததற்கு அடையாளமாகத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். திருச்சியில் நான் குமாஸ்தாவாக இருந்த சாலை அலுவலகத்தில் இந்த விதியை வரி பிசகாமல் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

ஆனால் நடந்து பார்ப்பது என் வேலை இல்லை. ஓவர்சீயரிடமிருந்து காகிதம் வரும். அதில் நடந்ததாக எழுதியிருக்கும். நான் பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பேன். ஒப்பத்தின் கடைசியில் ஒரு கொக்கி போடுவேன். அந்தக் கொக்கியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது என்னிடம் ராணுவம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பச்சைப் பெயின்ட்டுக்கு மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. மழை பெய்தால் பச்சை எட்டிப் பார்க்கும். காலையில் அதை உதைத்துக் கிளப்புவதற்குள் சட்டை நனைந்துவிடும். கிளம்பிவிட்டாலோ ஸ்ரீரங்கத்துத் தெருவில் மாட்டு வண்டிகள் தாமாக ஒதுங்கும். காவேரிப் பாலத்தில் ஏறி மூன்றாவது கியர் போடும்போது எதிர்க்காற்று நெஞ்சில் வந்து அறையும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் ஆபீஸுக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

வீடு அப்பா விட்டுப்போனது. மொட்டை மாடித் தளத்தில் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே உள்ளறை. முதல் வருஷம் நானே தாரைக் காய்ச்சி விரிசலில் ஊற்றினேன். எப்படி ஊற்ற வேண்டும் என்று புத்தகத்தில் படித்துத்தான் செய்தேன். சித்திரை வெயிலில் தார் உருகி, விரிசல் வழியாகவே இறங்கி, உள்ளறைச் சுவரில் மூன்று நீளக் கோடுகளாக நின்றது. மழைத் தண்ணீர் அந்தக் கோடுகளை அப்படியே பின்பற்றி வந்தது.

அந்த வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்காக மணப்பாறையில் அவள் தாய் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. ஐப்பசி பத்தாம் தேதி நல்ல நாள், அன்றைக்குக் கொண்டுவந்து விடுகிறோம் என்று கடிதம் வந்தது. அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'தளத்தைச் சரி பண்ணாமல் என்னைக் கூப்பிடாதீர்கள். ஒழுகுகிற அறையில் பிள்ளையைப் போட மாட்டேன். தையில் பார்க்கலாம்.'

தை என்றால் இன்னும் மூன்று மாதம். குழந்தையை அதுவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் இரண்டு பேரும் கார்த்திகைக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர், தன் வீட்டுக்குத் தளம் போட்ட கொத்தனார் உப்பிலியபுரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருப்பதாகச் சொன்னார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. உப்பிலியபுரத்தைத் தாண்டி அந்த ஊருக்கு இரண்டேகால் மைல் கப்பிச் சாலை இருக்கிறது. நானே பதிவேட்டில் முடித்த சாலை.

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினேன். ஆபீஸ் வரைபடத்தை மெல்லிய தாளில் நகல் எடுத்து, பெட்ரோல் டாங்க் மேல் ரப்பர் பட்டையால் கட்டியிருந்தேன். வழியில் யாரையும் கேட்பதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை. ஜனங்கள் 'இந்தா கூப்பிடு தூரம்' என்பார்கள். அது நான்கு மைல் இருக்கும். வரைபடம் அப்படிப் பேசாது. கொள்ளிடம் பாலம், மண்ணச்சநல்லூர், துறையூர், எல்லாம் கோடு போட்டபடி வந்தன. துறையூருக்கு அப்புறம் பச்சைமலை நீலமாகக் கிட்டே வரவர, வண்டியின் சத்தத்தையும் மீறி நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

வரைபடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு மைல் கல் இருந்தது. வெள்ளை அடித்து, ஊர்ப் பெயர் எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தது. அம்பு காட்டிய பக்கம் சோளக் கொல்லை.

வண்டியை நிறுத்தித் தாளைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். கொல்லையைப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"இங்க ஒரு சாலை இருக்கணுமேம்மா."

"கல்லுதான் நட்டாங்க. ரோட்டை அப்புறம் கொண்டாறேன்னாங்க. நீங்க கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். வரப்பு வழியைக் காட்டினார். அந்த இரண்டேகால் மைலை எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. ஒற்றையடிப் பாதை, ஓர் ஓடை, கருவேல முள். ஓடையில் சைலன்சருக்குள் தண்ணீர் போய் வண்டி இருமியது. இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை வண்டி என் மேல் விழுந்தது. ஊருக்குள் நுழைந்தபோது நாய்கள் எல்லாம் பின்னால் ஓடிவர, வெற்றிபெற்ற தளபதியைப் போலத்தான் வந்தேன். மோட்டார் வண்டி ஒன்று அந்த ஊருக்குள் வருவது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

கொத்தனாருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நான் முழங்காலில் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "வரைபடத்துல ரோடு இருக்கு. நான் சாலை ஆபீஸ்தான், எனக்குத் தெரியாதா" என்று சொல்லி வைத்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் மூன்று தபால் உறைகள்.

"ஊருக்கு ரோடு போடலைன்னு நான்தான் மனு கொடுத்தேன். சாமானைத் தலையில சுமந்துக்கிட்டு பஸ்ஸுக்கு நடக்கறவன் நான். மூணு வருஷத்துல மூணு மனு. மூணுக்கும் ஒரே பதில்."

பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. பதிவேட்டின்படி மேற்படி சாலை முடிவடைந்துவிட்டதால் மனுவின் மேல் நடவடிக்கை தேவையில்லை. ஓரத்தில் சுருக்கொப்பம். கடைசியில் கொக்கி.

"இதப் போட்டவரு உங்க ஆபீஸ்தானே. ஆளைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் அதிகப்பிரசங்கி. இப்ப உங்க கட்டில்ல உக்காந்து மோர் குடிச்சிட்டிருக்காரு."

உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை, உறையை ஒரு முறை பார்த்தார்.

"மோரைக் குடிச்சு முடிங்க. நான் கரண்டியை எடுத்துக்கிட்டு வரேன்."

திரும்பும்போது பின்னால் அவர். மடியில் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக் குண்டு. நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் மட்டப்பலகையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் தட்டு நின்றுவிட்டது. கொள்ளிடம் பாலத்தில் காதருகே கேட்டார்: "இதுக்கு மேல போகாதா?"

மறுநாள் காலையில் மாடியேறி, மதியத்துக்குள் பழைய தளத்தை ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்த்துவிட்டார். உள்ளறையிலிருந்து வானம் தெரிந்தது. கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பைப் போட்டுக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றினார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்தார்.

"சுண்ணாம்பு ஊறப் பதினஞ்சு நாள் ஆகும். தினம் கிளறி விடுங்க. அதுக்குள்ள பதில் வந்துடும்ல?"

"எந்தப் பதில்?"

"நாலாவது மனுவுக்கு."

"நாலாவது மனு எங்க?"

"நீங்கதான் எழுதப் போறீங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். "நான் ஒண்ணும் கோவிச்சுக்கல சார். பதில் தபால்ல வரட்டும். நீங்க கையில கொண்டாந்தா அது உங்க பேச்சு. தபால்ல வந்தாத்தான் ஆபீஸ் பேச்சு. வந்த மறுநாள் நான் இங்க இருப்பேன்." திருச்சி பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். பஸ்ஸில் ஏறும்போது வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

மனு போகும் வழி எனக்குத் தலைகீழாகத் தெரியும். வழக்கமான நடையில் போனால் நாற்பது நாள். எனக்கு இருந்தது பதினைந்து. ஆனால் அவசரக் காகிதங்களைத் தனி ஆள் மூலம் அனுப்பலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தத் தனி ஆள் குமாஸ்தாவாக இருக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.

மனுவோடு நான் எழுதி வைத்த குறிப்பை மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கோப்பைத் திறந்தா முதல்ல மாட்டறது நீதான், தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் முதல் பத்தியிலயே என் பேரைப் போட்டிருக்கேன்."

"ரூல் பேசறவனை எல்லாம் வேலைக்கு எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

கோப்பை வண்டியில் கட்டிக்கொண்டு துறையூருக்குப் பறந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த ஓவர்சீயர் கனத்த மனிதர்; முன்பு காகிதம் எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார். இவரைப் பின்னால் ஏற்றியதும் வண்டியின் முன்சக்கரம் லேசாகிவிட்டது. மைல் கல்லிலிருந்து நடந்துதான் பார்க்க வேண்டும் என்று விதியைச் சொன்னேன். ஓடைவரை நடந்தார். ஓடையில் வழுக்கி உட்கார்ந்தார். அறிக்கையில், 'சாலை இல்லை. குறுக்கே ஓடை ஒன்று உள்ளது. ஆழம் இடுப்பளவு, நேரில் அறியப்பட்டது' என்று எழுதினார். உட்கார்ந்தால் இடுப்பளவுதான். நான் திருத்தவில்லை.

பதினோராவது நாளில் எஞ்சினியரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் மணப்பாறையில் முகாம். நூறு காரியங்களுக்கு நடுவே தினம் சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கு, மணப்பாறை என்றதும் வண்டியை விடவும் மனசு முன்னால் ஓடியது. திண்டுக்கல் சாலையில் அன்று எடுத்த வேகத்தை நான் பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை.

எஞ்சினியர் கோப்பைப் பொறுமையாகப் படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்து இடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் இங்கிலீஷில் 'பேசவும்' என்று எழுதினார். நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பேச வாயைத் திறந்தேன்.

"ஹெட்குவார்ட்டர்ஸ்ல. மேலாளர் மூலமா" என்றார்.

அதுதான் முறை. அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் தலைமையிடம் திரும்ப இன்னும் மூன்று வாரம்.

அங்கிருந்து மாமனார் வீட்டுக்குப் போனேன். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தளம் என்ன ஆச்சு?"

"கையெழுத்துக்குப் போயிருக்கு."

"நம்ம வீட்டுத் தளத்துக்கு யாரு கையெழுத்துப் போடணும்?"

முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கடைசியில், "அந்தக் கொத்தனாருக்கு இருக்கற விவரத்துல பாதி உங்களுக்கு இருந்திருந்தா அந்த ஊருக்கு ரோடு வந்திருக்கும்" என்றாள். குழந்தையை என்னிடம் கொடுத்தாள். என் சட்டையின் பெட்ரோல் வாசனையில் அது இரண்டு தும்மல் தும்மிவிட்டுத் தூங்கிப்போயிற்று. "பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லி உள்ளே போனாள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஸ்ரீரங்கம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்தது. சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. நான்காம் தேதி காலையில் வடக்கே வானம் கறுத்தது. மாடியில் பெயர்த்த இடத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் கொத்தனார், மட்டப்பலகையோடு.

"பதில் வந்துடுச்சா?" என்றேன். வந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

"வரல."

"பின்ன?"

"மலை மேல மேகம் எறங்குதுங்க. உங்க வீட்டைத் தொறந்து போட்டது நான்தானே." ஏணியில் ஏறிக்கொண்டே கேட்டார்: "ஓவர்சீயரு ஓடையில உக்காந்தாராமே, நெசமா?"

அன்று மாலை வரை இருவருமாகத் திறந்த இடத்துக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புமாகக் கொட்டினோம். அடுத்த மூன்று நாள் அவர் மரக்கட்டையால் தட்டித் தட்டித் தளத்தை இறுக்கினார். ஆபீஸுக்கு லீவு போட்டு நானும் தட்டினேன். தாளம் தப்பினால், "இது பதிவேடு இல்ல சார், தட்டினாத்தான் முடியும்" என்றார். தூறல் வரும்போது தார்ப்பாயை இழுப்போம், நின்றதும் விலக்குவோம். எட்டாம் தேதி அதன் மேல் தட்டை ஓடுகளைப் பதித்தார். ஒன்பதாம் தேதி மதியம் கொட்டித் தீர்த்தது. நாங்கள் இருவரும் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஒரு சொட்டு இல்லை.

பத்தாம் தேதி என் மனைவி வந்தாள். உள்ளறையின் நடுவில் நின்று, அண்ணாந்து பார்த்து, சுவரில் கை வைத்துத் தடவி, பிறகு குழந்தையைக் கீழே கிடத்தினாள்.

எஞ்சினியர் தலைமையிடம் திரும்பினார். மேலாளர் மூலமாகப் பேசினேன். நடந்து பார்க்காத காகிதத்தை நம்பியதற்காக என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அதை எழுதியவர் தேதி போட மறந்துவிட்டார். எடுத்துக் காட்டிப் போட வைத்தேன். அதன் பின் கோப்பு என் கையை விட்டுப் போயிற்று. சம்பந்தப்பட்டவனிடம் கோப்பைக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆகையால் அது தபாலில், தன் நடையில் போனது. ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரப்பு வழியே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பதில் வந்ததா என்று கேட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டு வருவேன். மார்கழியில் வரவில்லை. தையில் வரவில்லை.

மேற்படி சாலை இல்லை என்பது நேரில் கண்டறியப்பட்டதாகவும், வரும் ஆண்டு வேலைகளில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளதாகவும் தெரிவிக்கும் பதில், வேறொருவருடைய சுருக்கொப்பத்தோடு, கொத்தனார் கையில் சேர்ந்தது மாசி மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை.