அப்பா சொன்னதாக நான் சொன்னது

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. பதினேழு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் புனே பக்கம் நிக்டியில் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் சரணம் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் சாமி என்று விளக்கேற்றி வேண்டிக்கொள்வேன். மார்கழி பிறந்துவிடும், கை வராது. போன ஆடியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அவள் காதில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது காகிதத்தில் சொல்கிறேன். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா கற்றுக்கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. தேஹு ரோடில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை. அண்ணன் பதினொன்றாவது, தங்கச்சி நான் எட்டாவது. புனேயில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் மாணவர் மாநாடு நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாட்டைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாட்டுத் தூதர் மாதிரி நாம் பேச வேண்டும், ஓட்டுப் போட வேண்டும். அந்த வருஷம்தான் எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கும் முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது. எங்களுக்கு வந்தது, உலகப் படத்தில் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துபோகிற ஒரு தீவு. ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் ஜெயித்தவர்கள் என்று என்னையும் அண்ணனையும் அனுப்பினார்கள்.

எங்கள் குழுவுக்குக் கொடுத்த தலைப்பு இது: இப்படிப்பட்ட உலக மாணவர் கூட்டங்களில் எல்லாப் பண்பாட்டுப் பிள்ளைகளுக்கும் சமமான இடம் கிடைக்க என்ன செய்யலாம்? அண்ணன் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தான். ஒரு மாசம் வீட்டில் அதே பேச்சு.

அண்ணன் அந்தக் கார்த்திகையில் முதல் தடவையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கன்னிசாமி. மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அப்பாவே, "சாமி, சாப்பிட வாங்க" என்பார். எனக்குத்தான் சிரிப்பு தாங்காது.

"சாமி, என் பென்சிலை எடுத்தீங்களா சாமி?"

"எடுக்கலை சாமி. உங்க மூக்குல சொருகியிருக்கும், பாருங்க சாமி" என்பான், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

ஆனால் விரதத்தில் விளையாட்டே கிடையாது அவனுக்கு. விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பான். காலில் செருப்பு இல்லை. தோல் செருப்பு தெரியாமல் பட்டுவிட்டால்கூட மறுபடி தலைக்குக் குளிப்பான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்ட மாலையை மலைக்குப் போய் வராமல் கழற்றுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால்தான் நடுவில் கழற்றுவார்கள்.

மாநாட்டுக்கு டீச்சரோடு லோக்கல் ரயிலில் போனோம். அண்ணன் கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை, மேலே பள்ளி பிளேசர். கழுத்தில் மாலை, வெறுங்கால். எங்கள் பள்ளியில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கன்டோன்மென்டில் மாலை போட்ட சாமிகளைப் பார்த்துப் பழகியவர்கள்.

அங்கே பதிவு மேசையில் பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். எங்கள் பேட்ஜை எடுத்துக் கொடுத்தவள், அண்ணனின் காலைப் பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூடின ஷூ இல்லாமல் உள்ளே போக முடியாதாம். டீச்சர் இந்தியில் கெஞ்சினார், மராத்தியில் கெஞ்சினார், கடைசியில் இங்கிலீஷிலும் கெஞ்சினார். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல், எல்லாருக்கும் ஒரே ரூல் என்பதுதான் நியாயம் என்றாள்.

அப்போது நீளமான வெள்ளை அங்கியும் வார்ச் செருப்புமாக ஒரு வெளிநாட்டுப் பையன் எங்களைத் தாண்டி உள்ளே போனான். அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டான், அவருக்கு எப்படி என்று. அது அவங்க நாட்டு உடை, அதற்கு அனுமதி உண்டு, உங்களுடையது மதம் என்றாள். மறந்து வருகிறவர்களுக்காக ஒரு பெட்டியில் ஷூ வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒருவர் இல்லாவிட்டால் நாட்டுக்கே இடம் இல்லை, அரை மணி நேரம் தருகிறோம் என்றாள்.

"மாலையோட இதைப் போட மாட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்" என்றான் அண்ணன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பேச்சு எனக்கு மனப்பாடம். பிளேசரை அம்மா எனக்காக இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். உள்ளே மேசைமேல் எங்கள் தீவின் சின்னக் கொடி நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. "அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன். டீச்சரின் மொபைலை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் பின்னால் போய் அப்பாவின் டிப்போ நம்பரை அடித்தேன். மணி அடித்தது, நின்றது. மறுபடி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்து, "அப்பா மாலையைக் கழட்டச் சொல்லிட்டார். மாலை போட்டுவிட்ட குருசாமிகிட்ட அவரே பேசிக்கறாராம்" என்றேன்.

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான். கண்ணை மூடி மூன்று தடவை சரணம் சொல்லி, மாலையைக் கழற்றிக் கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அந்த ஷூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான்.

உள்ளே எங்கள் தீவின் பேரைக் கூப்பிட்டார்கள். முதலில் நான் பேசினேன், கை தட்டினார்கள். அடுத்து அண்ணன் எழுந்தான். எல்லாரும் அவரவர் வழக்கத்தோடு வந்து உட்கார இடம் வேண்டும் என்று ஒரு மாசமாக எழுதி எழுதித் திருத்திய பேச்சு அவன் கையில் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தான். அளவு சிறிசான ஷூவில் கால் மாற்றி நின்றான். எங்கள் மீதி நேரத்தைத் தலைவருக்கே திருப்பித் தருகிறோம் என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாப் பண்பாட்டுக்கும் சம இடம் என்ற தீர்மானம் எல்லார் ஓட்டோடும் நிறைவேறியது. அண்ணனும் கை தூக்கினான்.

சாயங்காலம் கலை நிகழ்ச்சி. பதிவு மேசைப் பெண்ணே எங்களைத் தேடி வந்தாள். காலையில் அந்த மாலையும் வெறுங்காலும் ரொம்ப அழகாக இருந்தது, இப்போது போட்டுக்கொள்ளலாம், ரூல் இல்லை, மேடையில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். அவள் கேலி செய்யவில்லை, பிரியமாகத்தான் கேட்டாள். அண்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. போட்டோவுக்கு நின்றால்தான் என்ன என்று.

ராத்திரி ஏழு மணிக்கு தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். அப்பா சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் வழக்கம்போலக் கும்பிட இரண்டு கையையும் எடுத்தார். "சாமி, வாங்..." என்று ஆரம்பித்தவர், வெறும் கழுத்தைப் பார்த்தார். கை பாதியில் நின்றது.

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ஒரே ஒரு தடவை. பிறகு கீழே பார்த்துச் சொன்னான்: "யாரையும் கேக்கலப்பா. நானாத்தான் கழட்டினேன்."

அப்பா கையை நீட்டினார். மாலை சுற்றியிருந்த கர்ச்சீப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, நடடா" என்றார். அத்தனை நாள் சாமி என்ற வாய். எனக்கோ தப்பித்தேன் என்று மனசு துள்ளியது. வழியெல்லாம் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அப்பா டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். ரொம்ப நாளாகவே நெஞ்சில் கோளாறு இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? "அப்பன் இருக்கும்போதே கழட்டினானே, சாவைக் கூப்பிட்டு வச்சுட்டானே" என்று அம்மா எல்லார் முன்னாலும் மார்பில் அடித்துக்கொண்டாள். அண்ணன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு காலனியில் கதை வளர்ந்தது. ஷூ ஆசையில் கழற்றினான் என்றார்கள். ஒரு பெண்ணுக்காக என்றார்கள். குப்பைத் தொட்டியில் போட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அம்மா கடைசிவரை நல்லது எதற்கும் அவனைத் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டு ஆகுர்டியில் கம்பெனி வேலைக்குப் போனான். இன்றும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவான், பூஜை அறைப் பக்கம் மட்டும் வரமாட்டான். ஒரு தடவை தைரியம் வந்து ஆரம்பித்தேன், "அண்ணா, அன்னிக்கு போன்ல..." என்று. "டீ ஆறுது, குடி" என்றான்.

ஸ்டேஷனில் அவன் பார்த்த பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நான் பயந்திருக்கிறேனா என்று பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். போனில் மணி மட்டும்தான் அடித்தது என்பதை, சாமி பேரில் நான் செய்த சத்தியத்தை, அந்த ஒரு நொடியில் முழுசாகப் புரிந்துகொண்டு, அதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான் என்பது பதிமூன்று வயதுக்கு எட்டவில்லை. எட்டியபோது சொல்ல வாய் இல்லை.

எங்கள் காலனி ஆட்களிடம் இதை யாராவது சொல்வதானால் எழுதியபடியே சொல்லுங்கள். அண்ணனைத் தெய்வமாக்க வேண்டாம். அந்தப் பதிவு மேசைப் பெண்ணைக் கெட்டவளாக்க வேண்டாம், அவள் பொய் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைதானே என்று என்னை விட்டுவிடவும் வேண்டாம். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், மாலையைக் கழற்றச் சொன்னது தங்கச்சி என்று சொல்லுங்கள்.