தவறாகப் பேசப் பயிற்சி

இன்று காலை சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில், என் அருகில் அமர்ந்திருந்த பெண் நேர்முகத் தேர்வுக்காக ஓர் ஆங்கில வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வாடிக்கையாளரின் புகாரை விசாரிக்கிறோம் என்பதற்கு ‘லுக் ஆஃப்டர்’ என்றாள்.

அகராதியை மட்டுமே துணைகொண்டு ஆங்கிலம் கற்றவள் நான். பொறுக்க இயலவில்லை.

“‘லுக் இன்டு’ன்னு சொல்லும்மா. நீ சொல்றது பிள்ளையப் பார்த்துக்கிறதுக்குத்தான் பொருந்தும்.”

“தெரியும்க்கா. இன்டர்வியூ எடுக்குற மேனேஜரு இப்படித்தான் சொல்லுவாரு. போன தடவ நான் சரியாச் சொன்னேன். ‘எனக்கே பாடம் எடுக்கிறியா’ன்னு அனுப்பிட்டாரு. இன்னைக்கும் அவருதான்.”

எனக்கு உடலெல்லாம் பற்றி எரிந்தது.

“அந்த ஆளுகிட்ட போய் வேலை பாக்கணுமா?”

“அப்பாவுக்கு இனிமே தோட்ட வேலை ஏலாதுக்கா. அப்புறமாக் கோவப்படுங்க. செத்த நேரத்துல எறங்கணும், நான் தப்பாச் சொல்றேனான்னு மட்டும் கேளுங்க.”

கேட்டேன். வாய் தவறி ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டாள். அதைத் தவறாகத் திருத்திக் கொடுத்தவளும் நானே.

வேலை கிடைத்ததா என்று அறியேன். கிடைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அம்மேலாளருக்கு ஒன்று: தங்கள் அறியாமையைப் பேணி வளர்ப்பதில் இன்று எனக்கும் ஒரு பங்குண்டு. அதற்கு மட்டும் ‘லுக் ஆஃப்டர்’ மிகச் சரியான சொல்.

நண்பர்களே, தங்கள் மேலாளரின் மனம் நோகாதிருக்கத் தாங்கள் தவறாகப் பேசிப் பழகிய வாக்கியம் யாதோ?