மெத்தைமேல் செய்த சிபிஆர்

இன்று இங்கே வட இந்தியாவில் நடந்த பயிற்சி முகாமில், எங்கள் மருத்துவமனை நர்ஸ்களுக்கு, நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் சிபிஆர் பயிற்சி கொடுத்தேன்.

பயிற்சிப் பொம்மையை முதலில் மெத்தைமேல் வைத்து அதன் நெஞ்சை அழுத்தச் சொன்னேன். பிறகு தரையில். மெத்தையில் என்றால் நம் பலத்தை மெத்தையே வாங்கிக்கொள்ளும் என்று இந்தியில் விளக்கினேன்.

அவர்களில் ஒரே தமிழ்ப் பெண்ணான, போன மாதம் அப்பாவை இழந்த ஸ்டெல்லா, மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் கேட்டாள்.

“அக்கா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்பாவ கட்டில்ல வச்சேதான் அமுக்கினேன். அப்போ நான் அமுக்கினது அவர் நெஞ்சுக்குப் போய்ச் சேரவே இல்லையா?”

“உன்னால முடிஞ்சத செஞ்சேம்மா” என்றேன். அவள் தரையில் மண்டியிட்டு, பொம்மையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நல்ல வகுப்பு என்று மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் எனக்கும் கொஞ்சம் வகுப்பெடுங்கள்.